பாவு நோட்டும் முன்ஜாமீனும்

கண்ணமங்கலத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் முன்ஜாமீன் கேட்டு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தி எடுத்தவர்கள் இல்லை. பட்டுக் கணக்கில் சிக்கியவர்கள், சீட்டுப் பணம் கட்ட முடியாமல் போனவர்கள், வரப்புத் தகராறில் பெயர் சேர்க்கப்பட்டவர்கள், மகன் ஒழுங்காகக் குடும்பம் நடத்தாததால் ஸ்டேஷன் படி ஏற வேண்டிவந்த வயதான தாய் தகப்பன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆரணி கோர்ட்டில் தொழில் செய்கிறேன். வருகிறவர் முதலில் சொல்வது அன்றும் இன்றும் ஒன்றுதான்: "ஸ்டேஷன்லருந்து கூப்ட்டு உட்டாங்க சார்." நான் கேட்பதும் ஒன்றுதான்: "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?"

"அது இன்னான்னு தெர்லயே சார்."

வேலை அங்கே தொடங்குகிறது. புகார் கொடுத்தவருக்கு ஸ்டேஷனில் முதலில் கிடைப்பது மனு ரசீது. சி.எஸ்.ஆர். என்போம். அந்த நிலையில் கூப்பிட்டு விசாரிக்கலாம், கைது செய்ய முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகி, குற்ற எண் விழுந்து, அதில் ஜாமீனில் விட முடியாத பிரிவு ஒன்றாவது இருக்கும்போதுதான் முன்ஜாமீனுக்கு முழு வேலை வருகிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் கேட்கலாம், கைதாவோம் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் போதும் என்று 1980இல் குர்பக்‌ஷ் சிங் சிபியா வழக்கில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் மனு போட்டால் அரசு வக்கீலான பி.பி. எழுந்து, "இன்றைய தேதியில் வழக்கு எதுவும் பதிவாகவில்லை" என்பார். அதைப் பதிவு செய்துகொண்டு மனுவை முடித்துவிடுவார்கள். கட்சிக்காரர் முகம் வாடிவிடும். எனக்கு அது தோல்வியாகப் படுவதில்லை. அரசு வக்கீல் கோர்ட்டில் சொன்ன சொல் ஏட்டில் ஏறிவிட்டது. அடுத்த வாரமே எஃப்.ஐ.ஆர். விழுந்தால், இடையில் என்ன நடந்தது என்று கேட்க நமக்கு ஒரு பிடி இருக்கிறது.

சிபியா பஞ்சாபில் அமைச்சராக இருந்தவர். ஊழல் புகாரில் கைதாவோம் என்று அஞ்சிக் கோர்ட்டுக்குப் போனவர். அவருக்காக எழுதப்பட்ட தீர்ப்பைத்தான் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிற ஆளுக்காக நாங்கள் எடுத்துக் காட்டுகிறோம். முன்ஜாமீன் பிரிவு சட்டத்துக்குள் வந்த காரணத்தைப் படித்தால் அது தறிக்காரருக்கும் பொருந்துவது தெரியும். செல்வாக்குள்ளவர்கள் தங்களுக்கு ஆகாதவர்களைப் பொய் வழக்கில் மாட்டி, நாலு நாள் உள்ளே வைத்து அவமானப்படுத்தப் பார்க்கிறார்கள் என்பதே 1969இல் சட்ட ஆணையம் தன் 41ஆவது அறிக்கையில் சொன்ன காரணம். 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438ஆவது பிரிவாக முன்ஜாமீன் நுழைந்தது. அதற்கு முன்பு ஆள் ஊரை விட்டுப் போய் உறவுக்காரர் வீட்டில் ஒளிந்திருந்து, வக்கீல் ஏற்பாடு செய்ததும் கோர்ட்டில் சரணடைவான். வேறு வழி கிடையாது என்று என் சீனியர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வழக்குகளில் என் மனத்துக்கு நெருக்கமானது பட்டு வழக்கு. நானும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். தறிக்காரர் வீட்டில் நெய்து சேலையாகத் திருப்பித் தருவார். ஜரிகை மார்க் கணக்கு, பட்டு எடைக் கணக்கு, கூலி சேலைக் கணக்கு. நடுவில் கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி என்று முன்பணம் ஏறும். கூலியில் பிடிப்பார்கள், மறுபடி ஏறும். பல வீடுகளில் அப்பன் வாங்கிய முன்பணத்தை மகன் நெய்து கழிப்பான். இந்தக் கணக்கு எங்காவது முறுக்கிக்கொள்ளும். தறிக்காரர் வேறு முதலாளியிடம் போவார், அல்லது பாவு பாதியில் நிற்கும்போது உடம்பு படுத்துவிடும். உடனே புகார் எழும்: என் பட்டையும் ஜரிகையையும் மோசடி செய்துவிட்டான். பழைய தண்டனைச் சட்டத்தில் நம்பிக்கை மோசடிக்கு 406, ஏமாற்றியதற்கு 420.

நான் தனியாக நடத்திய முதல் முன்ஜாமீன் வழக்குகளில் ஒன்று அப்படிப்பட்டது. கட்சிக்காரர் ஐம்பதை நெருங்கியவர். சங்கதியைச் சொல்லக்கூட நா எழவில்லை, கூட வந்த மனைவிதான் பேசினார். "எடுத்த பட்டு தறியிலயே கீது சார். வந்து பாக்கச் சொல்லுங்க. இவரு திருடன் இல்ல." அந்த அம்மா கையில் மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்தது பாவு நோட்டு. பாவு கொடுத்த தேதி, எடை, சேலை வந்த தேதி, பிடித்த முன்பணம், எல்லாம் முதலாளியின் கணக்குப்பிள்ளை கையெழுத்தில் ஆண்டுக்கணக்காக எழுதப்பட்டிருந்தது.

அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து மனுவோடு சேர்த்தேன். நான் வாதாடியது கொஞ்சம்தான். இது ஓடுகிற கணக்கு. இந்தப் பக்கமும் பாக்கி உண்டு, அந்தப் பக்கமும் பாக்கி உண்டு. ஏமாற்றும் நோக்கம் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் இத்தனை ஆண்டு சேலை வந்திருக்காது. இவரை உள்ளே வைத்து விசாரித்துக் கைப்பற்ற வேண்டிய பொருள் தறியில்தான் இருக்கிறது. நீதிபதி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். முன்ஜாமீன் கிடைத்தது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தப் பிரிவின் உண்மையான பயனைக் காட்டியது. ஆர்டர் வந்த வாரத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். அதுவரை, "பணத்தை வை, இல்லன்னா உள்ள போ" என்பதுதான் பேச்சாக இருந்தது. கைதாகும் பயம் விலகியதும் எத்தனை மார்க் ஜரிகை, எத்தனை சேலைக் கூலி என்று பேச்சு கணக்குக்குத் திரும்பியது. எங்கள் ஊரில் முன்ஜாமீன் என்பது பெரும்பாலும் இதற்காகத்தான். புகார் கொடுக்கிறவருக்கும் ஆளை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசை இருப்பதில்லை. அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்குத் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம், முன்ஜாமீன் கொடுக்கும்போதே புகார்த் தொகையில் பாதியைக் கோர்ட்டில் கட்டு என்று நிபந்தனை விதிப்பது. பல ஆண்டுகள் இது சர்வ சாதாரணம். வக்கீல்களே, "கட்சிக்காரர் இவ்வளவு கட்டத் தயார்" என்று முன்வந்து சொல்வதும் உண்டு. கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு கட்ட முடியாமல், கிடைத்த முன்ஜாமீனையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அந்த வாக்குறுதியைக் கொடுப்பதில்லை. கிரிமினல் கோர்ட் பணம் வசூலிக்கும் இடமாகக் கூடாது என்று 2023இல் ரமேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னபோது எனக்குப் பெரிய ஆறுதல். அந்தத் தீர்ப்பின் நகல் என் மேசையிலேயே இருக்கிறது.

பழைய நாளில் கோர்ட்டுக்குப் போவதே ஒரு வழக்கு. முன்ஜாமீனை மாஜிஸ்திரேட் கொடுக்க முடியாது. செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஐகோர்ட்டுக்கோ போக வேண்டும். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது எங்களுக்கு வேலூர். கண்ணமங்கலத்தில் பஸ் ஏறினால் கணியம்பாடி தாண்டி வேலூர் வந்துவிடும். 1989இல் மாவட்டம் பிரிந்தது, பிற்பாடு எங்கள் மனுக்கள் எல்லாம் திருவண்ணாமலைக்கு மாறின. கண்ணமங்கலம் கூட்டுரோட்டில் நின்று, போளூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தறிக்காரருக்கு அந்த ஒரு நாள் கூலி போச்சு. இருந்தும் கட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். வர வேண்டாம், ஸ்டேஷன் ஆள் யாராவது கோர்ட் வாசலில் நிற்கலாம் என்று சொன்னாலும் பெண்டாட்டியையாவது அனுப்பிவிடுவார்கள். கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் முகம் பார்த்துத்தான் நான் நேரே உள்ளே போவேன்.

எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குவது அப்போது இன்னொரு பாடு. ஸ்டேஷனில் தர மாட்டார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வந்து சேரக் காத்திருந்து, நகல் மனு போட்டு வாங்க வேண்டும். என்ன பிரிவு என்றே தெரியாமல், "தெரிய வருகிறபடி" என்று எழுதி மனு போட்ட நாட்கள் உண்டு. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் இந்தக் கண்கட்டு அவிழ்ந்தது. இன்று ஜூனியர் பையன் போனிலேயே எடுத்துக் காட்டிவிடுகிறான்.

தந்தி பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாளாக வீட்டுக்கு அனுப்பவில்லை என்று பெண்கள் ஓடிவந்தால், மனு எழுதுவதற்கு முன்பு அந்த நாளில் நான் செய்தது தந்தி ஆபீசுக்கு ஆளை அனுப்பியது. கலெக்டர், எஸ்.பி., மாஜிஸ்திரேட், முதலமைச்சர் என்று நாலு தந்தி. இன்ன தேதியில் இன்ன நேரத்தில் இன்னாரைப் பிடித்துப் போனார்கள் என்று இரண்டு வரி. ரசீதில் அடித்த தேதியும் நேரமும்தான் சாட்சி. பின்னால் ஸ்டேஷன் ஏட்டில் கைது தேதி எப்படி எழுதப்பட்டாலும் அந்த ரசீதை யாரும் மாற்ற முடியாது. முன்ஜாமீன் கிடைத்ததும் ஆர்டர் நகல் கைக்கு வரும்வரை ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லவும் தந்திதான். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபோது நாடே பழைய நினைவுகளைப் பேசியது. எனக்கு ஒரு நம்பகமான சாட்சி போய்விட்டது என்ற கவலைதான். இப்போது மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. எளிய மனிதர்களுக்கு எஸ்.பி. ஆபீஸ் மின்னஞ்சல் முகவரி தெரியாது என்பது மட்டும் குறை.

அடிதடி வழக்குகளின் இலக்கணம் வேறு. பழைய சட்டம் இருந்தவரை தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர்களில் 294(பி), 323, 324, 506(2) என்று நாலும் கூட்டமாகவே வரும். கெட்ட வார்த்தை பேசினான், கையால் அடித்தான், ஆயுதத்தால் அடித்தான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். கூட்டத்தில் பெண் ஒருவர் இருந்தால் 1998ஆம் ஆண்டுப் பெண்கள் கொடுமைத் தடைச் சட்டத்தின் 4ஆவது பிரிவும் சேரும். வேலி ஒடிந்திருந்தால் 1992ஆம் ஆண்டுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம். தலையில் காயம் என்றால் கொலை முயற்சிக்கான 307 வந்துவிடும், அதற்குப் பிறகு எல்லாமே கனமாகிவிடும்.

இந்த மனுக்களில் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை: "இஞ்சூர்டு டிஸ்சார்ஜ் ஆயாச்சா?" காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறவரை மனு நகராது. எங்கள் பக்கத்துக் காயம்பட்டவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள், கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் போகிற வழியிலேயே இருக்கிறது. ஆகவே மனு எண்ணாகிப் பட்டியலில் வருவதற்குள் அடுக்கம்பாறையில் என்ன நிலை என்று விசாரித்து வைத்திருப்பேன். இளம் வக்கீல்கள் இருபது தீர்ப்புகளோடு வந்து நிற்பார்கள். டிஸ்சார்ஜ் தேதி தெரியாது. மனு ஒரு வாரம் தள்ளிப்போகும், அந்த ஒரு வாரத்தில் கட்சிக்காரர் கைதாகிவிடுவார். அதேபோல் நம் ஆளுக்கும் காயம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி விபத்துப் பதிவேட்டு நகல் எடுத்துவிட வேண்டும். எதிர்ப்புகார் பதிவாகியிருந்தால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள் என்பது நீதிபதிக்குத் தெளிவாகும். பயந்துபோய் ஊரை விட்டு ஓடுகிறவர்கள் இந்த ஒன்றைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஒரு வகை வழக்கில் முன்ஜாமீன் கேட்டு வருகிறவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது, அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துத் தடையை நிலைநிறுத்தியது, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. புகாரைப் படித்த மாத்திரத்திலேயே இந்தச் சட்டப்படிக் குற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் கதவு திறக்கும். இந்தத் தடை வேண்டும் என்பது என் கருத்து. புகார் கொடுத்த காலனி ஆட்கள் பக்கம் நின்றும் ஆஜராகியிருக்கிறேன். எதிராளி முன்ஜாமீனோடு மறுநாளே தெருவில் நடந்துவந்தால் சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். பட்டு வழக்கில் பலவீனமானவரைக் காக்கும் அதே ஆர்டர் அங்கே பலமுள்ளவரைக் காத்துவிடும்.

ஆர்டர் கிடைத்ததும் கட்சிக்காரர் காலில் விழப் போவார். எழுப்பி உட்காரவைத்து, இனிமேல்தான் வேலை என்று சொல்வேன். ஆர்டரின் வாசகம் கிட்டத்தட்ட மனப்பாடம்: நகல் கிடைத்த பதினைந்து நாளுக்குள் ஆரணி மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி, பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணைப் பத்திரமும் அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் கொடுக்க வேண்டும், ஜாமீன்தாரர் போட்டோவும் இடது கைப் பெருவிரல் ரேகையும் பத்திரத்தில் இருக்க வேண்டும், ஆதார் அல்லது பாஸ்புத்தக நகல் வேண்டும், தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு ஜாமீன்தாரர். வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவருக்கு இது மலை. சொத்து உள்ளவர்தான் ஜாமீன் நிற்க முடியும், வீட்டு வரி ரசீது வேண்டும், அதிகாரியின் சான்றும் கேட்பார்கள். சொந்தக்காரர்களில் வீடு உள்ளவர் யார் என்று பார்த்தால், அவர்களும் அதே முதலாளியிடம் பாவு வாங்குகிறவர்களாக இருப்பார்கள். அவருக்கு எதிராக நிற்க எப்படி வருவார்கள்? கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்க ஆட்கள் அலைவதும் இதனால்தான். அந்த வழியை நான் தொட்டதில்லை. பதினைந்து நாள் ஓடிவிட, கால நீட்டிப்பு கேட்டு மனு மேல் மனு போட்டிருக்கிறேன். ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்பது பற்றி இந்த நாட்டில் எத்தனையோ பெரிய தீர்ப்புகள் வந்தாயிற்று. ஜாமீன் கிடைத்த ஏழை அதை எப்படி நிறைவேற்றுவான் என்பது பற்றி அந்த அளவுக்குக் கவலைப்பட ஆள் இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையும் சொந்தப் பிணையும் போதும் என்று ஒரு நீதிபதி ஒருமுறை ஏற்றுக்கொண்டார். அந்த ஆள் ஒரு வாய்தாகூடத் தவறவில்லை.

தினசரிக் கையெழுத்தும் அப்படித்தான். 10.30க்குக் கையெழுத்து என்றால் காலை முழுக்கத் தறி நிற்கும். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டதும் நிபந்தனைத் தளர்வு கேட்டு மனு போட்டுவிட வேண்டும். பலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருப்பார்கள். கையெழுத்துப் போகிற இடத்தில் அதிகாரி இல்லை என்று மதியம்வரை உட்காரவைத்த ஸ்டேஷனும் எங்கள் வட்டாரத்தில் உண்டு. கட்சிக்காரர்களிடம் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். போன நேரம், வந்த நேரம், பணியில் இருந்தவர் யார் என்று குறித்துவர வேண்டும். நிபந்தனையை மீறினான் என்று பின்னால் சொன்னால் காட்டுவதற்கு.

அடுத்தது குடும்ப வழக்கு. வரதட்சணைக் கொடுமைக்கான 498ஏ 1983இல் வந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்து, பிறகு எங்கள் ஊர்ப் பக்கமும் வந்தது. அடிபட்டு வந்த பெண்களுக்கு அது உண்மையான வாசல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணவனோடு சேர்த்து எழுபது வயது மாமனார், வேறு ஊரில் கட்டிக்கொடுத்த நாத்தனார் எல்லோரும் பட்டியலில் வருவார்கள். 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, முதலில் 41ஏ நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிலில் நான் கண்ட மாற்றங்களில் இதைவிடப் பெரியது இல்லை. 498ஏ மட்டுமில்லை, பட்டு வழக்கின் 406, 420 இரண்டும் அந்த வரம்புக்குள் வந்தன.

முன்ஜாமீன் எத்தனை நாள் செல்லும் என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. 1990களின் நடுவில் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு சில வாரங்களுக்கு மட்டும் கொடுத்து, அதற்குள் சாதாரண ஜாமீன் வாங்கிக்கொள் என்பார்கள். 2020 ஜனவரி 29இல் சுசீலா அகர்வால் வழக்கில் ஐந்து நீதிபதிகள், பொதுவாகக் கால வரம்பு தேவையில்லை, வழக்கு முடியும்வரை நிற்கலாம் என்று தீர்த்து வைத்தார்கள். நம் பக்கம் இந்த உரிமை இருந்ததையே பாக்கியம் என்று நினைக்க வைத்தது உத்தரப் பிரதேசம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அங்கே இந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 2019 ஆயிற்று. இடைப்பட்ட தலைமுறை முழுவதும் அங்குள்ள ஆள் முன்ஜாமீன் என்று கேட்கவே முடியாது, கைதுக்கு எதிராக ஐகோர்ட்டில் ரிட் போட்டுத்தான் நிற்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறிவிட்டன. 438 இப்போது புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 482. 41ஏ நோட்டீஸ் 35(3). 420 என்று ஊரே சொல்லிப் பழகியது நியாய சன்ஹிதாவில் 318(4). நம்பிக்கை மோசடிக்கு மூன்று ஆண்டாக இருந்த தண்டனை 316(2)இல் ஐந்து ஆண்டாகக் கூடியிருக்கிறது. தறிக்காரர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது.

புதிய சட்டம் வந்த பிறகு என்னிடம் வந்த முதல் பட்டு வழக்கில் ஆள் இளைஞர். 35(3) நோட்டீசைக் கையில் கொண்டு வந்தார். பாவு நோட்டு எங்கே என்றேன். போனை நீட்டினார். பாவு கொடுத்த படம், எடை, சேலை அனுப்பிய தேதி எல்லாம் முதலாளியின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில், கூலியும் முன்பணமும் ஜிபேயில். "முன்ஜாமீன் போட்டுடலாமா சார்?" என்றார். வேண்டாம், நோட்டீஸ்படி நேரில் போய் நில்லுங்கள் என்றேன். நோட்டீசை மதித்து ஆஜராகிக்கொண்டிருப்பவரைக் கைது செய்ய வேண்டும் என்றால் காவல் துறை காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பேங்க் கணக்கறிக்கையை முத்திரையோடு வாங்கிவரச் சொன்னேன். வாட்ஸ்அப் பக்கங்களை அச்செடுத்து, மின்னணு ஆவணத்துக்குரிய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றும் சேர்த்து, பதில் கடிதத்தோடு ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்கினோம். முன்ஜாமீன் மனுவையும் எழுதித் தயாராக வைத்திருந்தேன், தேதி மட்டும் நிரப்பவில்லை. அவர் மூன்று முறை விசாரணைக்குப் போய்வந்தார். நாலாவது முறை முதலாளியும் வந்திருந்தார். இரண்டு பேரும் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து முன்பணப் பாக்கி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருப்பதாக எனக்குப் போன் வந்தது. எழுதிக்கொடுக்கிற தாளை எனக்கு ஒருமுறை அனுப்பிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.